மரத்தோடு

காதணிக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. குழை, தோடு, ஓலை, கடுக்கன், குண்டலம், தண்டட்டி, பாம்படம் என அவை விரியும். இவற்றுள் முதல் மூன்று பெயர்களையும் சற்று ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். குழை என்பது தளிர். தோடு என்பது பூவின் இதழ். ஓலைக்கும் அப்பெயர் உண்டு. ஓலையோ யாவரும் அறிந்தது. பொன்னும் மணியும் காதேறுவதற்கு முன்னர் நம் முன்னோர் காதுகளில் தழையும் இதழும் ஓலையுமே விளங்கின என்பதை இச்சொற்கள் உரைக்கின்றன. பனங்குருத்தோலையைச் சுருட்டிக் காதின் துளையிற் செருகுவது பழைய வழக்கம். பின்னாளில் செல்வர் அதனைப் பொன்னாற் செய்து வைரம் பதித்துக்கொண்டனர். ஆயினும் அதற்கு வைர ஓலை என்றே பெயர் நின்றது. பொருள் மாறிற்று, பெயர் மாறவில்லை.

புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள பொற்பனைக்கோட்டையில் 2023-ஆம் ஆண்டு நடைபெற்ற அகழாய்வில் பொன்னாலாகிய சிறு மூக்குத்தி ஒன்று கிடைத்தது. வைகைக் கரையிலுள்ள கீழடியில் சுடுமண்ணாற் செய்த காதணிகள் கிடைத்துள்ளன. பொன்னையும் சுட்ட மண்ணையும் நிலமகள் காத்து வைத்திருந்து நமக்குத் திருப்பித் தந்தாள். மரமும் ஓலையும் அவ்வாறு மீள்வது அரிது. கறையானும் ஈரமும் அவற்றைத் தின்றுவிடும். ஆகவே, அகழ்ந்த குழியில் மரக்காதணி காணப்படாமை கொண்டு, அக்காலத்தில் அஃது இல்லை என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. நிலம் மறந்தவற்றைச் சொல் நினைவில் வைத்திருக்கும். கல்லும் ஓரளவு நினைவில் வைத்திருக்கும். சிற்ப நூலார் ஒருவகைக் காதணியைப் பத்திர குண்டலம் என்பர். பத்திரம் என்பது இலை. அம்மையப்பர் வடிவத்தில் அப்பன் பாதியின் காதில் குழையும் அம்மை பாதியின் காதில் தோடும் அமைப்பது மரபு. சித்தன்னவாசல் ஓவியத்து ஆடல் மகளிரையோ, கொடும்பாளூர் மூவர் கோயிற் சிற்பங்களையோ காணச் செல்லும் மாணவர்கள் முகத்தை மட்டும் பார்த்துத் திரும்பாமல் காதுகளையும் உற்றுப் பார்ப்பார்களாக.

காதில் மரம் அணியும் வழக்கம் பழங்கதையன்று. எங்கள் வட்டாரத்துச் சிற்றூர்களில் காது குத்திய பெண்குழந்தைக்குப் பொன் தோடு வாங்க இயலாதபோது, துளை தூர்ந்து போகாமலிருக்க வேப்பங்குச்சியைச் சிறிதாக நறுக்கிச் செருகி வைப்பர். யான் தமிழாசிரியனாக இருந்த ஆண்டுகளில் இக்குச்சியைப் பன்முறை கண்டதுண்டு. இது வானம் பார்த்த பூமி. விதைப்புக் காலத்தில் வீட்டிலுள்ள பொன் அடகுக் கடைக்குப் போகும். அறுவடைக்குப் பின் மீளும். மழை பொய்த்த ஆண்டில் மீளாமலும் போகும். அந்நாள்களில் முதல் நாள் வரை தோடணிந்து வந்த சிறுமி, மறுநாள் வேப்பங்குச்சியோடு வருவாள். கூந்தலை முன்னே இழுத்துக் காதை மறைத்துக்கொண்டு அமர்வாள். உடன் பயிலும் சிறுவர் சிலர் அதைக் கண்டு நகைப்பதும் உண்டு. அக்குச்சியில் இழிவு யாதுமில்லை. அது தோட்டினும் தொன்மையுடையது. ஆயினும் அதனை அச்சிறுமியிடம் சொன்னால் அவள் துயரம் தீருமா? வெறுங்குச்சிக்கும் அணிக்கும் இடையில் இருப்பது கைத்தொழில். அதே வேம்பைத் தகடாக அறுத்து, பூவாகவும் மயிலாகவும் குடைந்து காதில் தொங்கவிட்டால், அதை மறைக்க எந்தச் சிறுமியும் கூந்தலைத் தேடமாட்டாள்.

அவ்வாறு குடைவதற்கு ஏற்ற கருவி ஒன்று உண்டு. கடைக்காரர் அதனை ஆங்கிலப் பெயராலேயே ஸ்க்ரோல் சா என்று வழங்குவர். சுருள்வெட்டு ரம்பம் என்று நாம் சொல்லலாம். நம் பொற்கொல்லர், வில்போன்ற சட்டத்தில் மயிரிழை ஒத்த ரம்ப இழையைப் பூட்டித் தகட்டை அறுப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். இப்பொறியின் கருத்தும் அதுவே. ஏறத்தாழ 13 செண்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய ரம்ப இழையொன்று மேலும் கீழும் இறுகப் பூட்டப்பெற்று, ஒரு மேசையின் நடுவிலுள்ள துளை வழியே விரைந்து ஏறி இறங்கும். அதன் பற்கள் கீழ்நோக்கி இருக்கும். அதனால் மரம் மேசையோடு அழுந்தி நிற்கும். சட்ட ரம்பத்தில் கருவி நகரும், பொருள் நிற்கும். இதில் கருவி நிற்கும், பொருள் நகரும். இரு கைகளாலும் மரத்தைத் திருப்பித் திருப்பிக் கோட்டின்மேல் செலுத்தவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது தையற்பொறி போலக் கால்மிதியால் இயங்கிற்று. இங்கிலாந்தில் 1895-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஹாபீஸ் என்னும் வார இதழ், இதற்குரிய கோலங்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. இன்று மின்சாரம் அதனை ஓட்டுகிறது.

திருமயம் வட்டத்து இராயவரம் முதலிய ஊர்களின் பெருவீடுகளில் நிலைக்கதவுகளைக் கண்டவர், அங்கே உளி செய்த வேலையை வியப்பர். உளி பள்ளமும் மேடுமாகச் செதுக்கும். சுருள்வெட்டு ரம்பமோ வேண்டாத இடத்தை முழுவதும் நீக்கி, ஒளி ஊடுருவ வழி செய்யும். ஆகவே இதில் கருத்தூன்ற வேண்டுவது நீக்கும் பகுதியை அன்று; எஞ்சி நிற்கும் பகுதியையே. நம் வீட்டுப் பெண்கள் வாசலில் இடும் கோலத்தை அப்படியே மரத்தில் வெட்டலாமா? வெட்டினால், ஒன்றோடொன்று தொடர்பற்ற துண்டுகள் உதிர்ந்து போகும். இழை ஒவ்வொன்றும் மற்றோர் இழையைப் பற்றி நிற்குமாறு கோலத்தை மாற்றி வரைந்துகொள்ள வேண்டும்.

அடுத்து நோக்க வேண்டுவது மரத்தின் நரம்போட்டம். விறகு பிளப்போர் இதனை நன்கு அறிவர். நரம்பின் போக்கிலே கோடரி விழுந்தால் மரம் ஓரடியிற் பிளக்கும். குறுக்கே விழுந்தால் கோடரியைப் பற்றிக்கொள்ளும். காதணியில் மெல்லிய இழை ஒன்று நரம்புக்குக் குறுக்கே அமைந்துவிட்டால், சட்டை மாட்டும்போது துணி பட்டாலும் ஒடிந்துவிடும். எனவே, நீண்டு தொங்கும் அணியாயின் நரம்பும் மேலிருந்து கீழாக ஓடுமாறு தாளை ஒட்டவேண்டும். ஒட்டுப்பலகையில் நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கப்பட்டிருத்தலால் இவ்விடர் குறைவு. தொடக்கத்தில் பயில்வோர்க்கு அதுவே நன்று. எனினும் தனிமரத்தின் அழகு அதற்கு வாராது.

மரத்துக்கு இம்மாவட்டத்தில் குறைவில்லை. கீரமங்கலம், வடகாடு பக்கத்துப் பலா பெயர் பெற்றது. வீணை செய்வோர் விரும்பும் மரமும் பலாவே. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கரை கடந்த கஜா புயல், இப்பகுதியில் தென்னையையும் பலாவையும் தோப்புத் தோப்பாகச் சாய்த்தது. பெரிய அடிமரங்கள் விலைபோகும். கிளைகளும் சிறு துண்டுகளும் அடுப்புக்கே போகும். காதணி செய்வோர்க்குக் கைப்பிடி அளவுள்ள துண்டு போதும். பலாவின் வைரம் மஞ்சள், வேம்பு செம்பழுப்பு, பூவரசு அதனினும் கருமையும் நெருக்கமும் உடையது. நன்றாக உலர்ந்த துண்டையே எடுக்கவேண்டும். பச்சை மரத்தில் செய்த தோடு சில நாள்களில் நெளிந்துவிடும்.

செய்முறையைக் கேளுங்கள். 3 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு தகடுகளை ஒன்றன்மேலொன்றாக வைத்து ஒட்டுநாடாவாற் சுற்றி, மேலே கோலம் வரைந்த தாளை ஒட்டவேண்டும். ஒரே வெட்டில் இணை இரண்டும் கிடைக்கும். மயிலை வெட்டினால், பிரித்தபின் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். இரு மயில்களும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும். உள்ளே நீக்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் நுண்ணிய துளையிட்டு, ரம்ப இழையின் மேல்முனையைக் கழற்றி அத்துளையிற் கோத்து, மீண்டும் பூட்டி அறுக்கவேண்டும். பத்து இடங்களாயின் பத்து முறை கழற்றிப் பூட்டவேண்டும். சலிப்பு வருவது இங்கேதான். கொக்கி மாட்டும் துளையையும் இப்பொழுதே இட்டுவிடுதல் நலம். உட்பகுதி முழுவதும் முடிந்த பின்னரே புறவரையை அறுக்கலாம். புறவரை முதலில் அறுபட்டால் கையிற் பிடிக்க இடமின்றி, விரல் ரம்பத்தை அணுகும். மரத்தை அழுத்தித் தள்ளலாகாது. இழை அறுக்கும் வேகத்துக்கே கொடுக்கவேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் துணியும் தேவை. ஆசிரியரோ பெரியவரோ அருகில் இல்லாதபோது பொறியைத் தொடுதல் வேண்டா.

இவ்வாறு 3 செண்டிமீட்டர் அகலமுள்ள வட்டத்தோடு ஒன்றைப் பலாவிற் செய்தால், துளைகள் இடுமுன் அதன் எடை ஒன்றேகால் கிராம் அளவே ஆகும். அதே அளவில் கட்டிப்பொன்னாற் செய்தால் ஏறத்தாழ 41 கிராம், அதாவது ஐந்து சவரனுக்கு மேல் நிறுக்கும். அரக்கடைத்த பாம்படத்தைத் தாங்கித் தோள்வரை நீண்டு அறுந்த காதுகளைப் பின்னர் மருத்துவரிடம் தைத்துக்கொண்ட மூதாட்டியர் பலர். மரத்தோடு காதை இழுக்காது. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும்: பொன் செய்யும் உதவியை மரம் செய்யாது. விதைக்கு வேண்டும் பணத்துக்காக மரத்தோட்டை ஒருவரும் அடகு பிடிக்கமாட்டார். அதனாலேயே அஃது எந்த ஆண்டிலும் பெண்ணின் காதை விட்டு நீங்காது.

மரத்தோடு என்னும் சொல்லிலும் ஓர் இன்பம் உண்டு. மரம், தோடு என்னும் இரு சொற்கள் புணர்ந்தாலும் மரத்தோடு. மரம் என்பதனோடு அத்துச் சாரியையும் ஓடு என்னும் மூன்றாம் வேற்றுமை உருபும் சேர்ந்தாலும் மரத்தோடு. எதுவென்பது இடம் நோக்கி அறியத்தக்கது.

அறுத்தெடுத்த தோட்டை முதலில் சற்றுக் கரடான உப்புத்தாளாலும், பிறகு மெல்லிய உப்புத்தாளாலும் நரம்பின் போக்கிலேயே தேய்க்கவேண்டும். தூசைத் துடைத்துத் தேன்மெழுகு பூசி மென்துணியால் துலக்கி, துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியையோ வெள்ளிக் கொக்கியையோ மாட்டலாம். மலிவான கொக்கிகளில் நிக்கல் கலந்திருப்பின் சிலருக்குக் காது புண்ணாகும். நீரிற் குளிக்கும்போது கழற்றி வைக்கவேண்டும். புதிதாக வெட்டிய பலாத்தோடு எலுமிச்சம்பழம் போல மஞ்சளாக இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல ஒளியும் காற்றும் பட்டு, பழைய வீணையின் குடத்தைப் போலப் பழுப்பேறும்.