கள்ளிக்கு முதலில் இடம் பார்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. சாந்தோம் வீட்டு முன்வாசலில் ஆனைக்கற்றாழையும் சதுரக்கள்ளியும் வைக்கப் போகிறாயாமே, உன் அம்மா சொன்னாள். நல்ல தேர்வு. உப்புக்காற்றில் ரோஜா இலை கருகும் தெருவில் இவை அசராமல் நிற்கும்.

ஆபத்து வெயிலில் இல்லை, ஐப்பசி மழையில்தான் இருக்கிறது. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1400 மி.மீ. மழை, பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஆனைக்கற்றாழையோ மெக்சிகோவின் வறண்ட நிலத்துச் செடி. வேரில் தண்ணீர் தேங்கினால் அடி அழுகிவிடும். ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி, மண்ணோடு பருமணலும் சல்லியும் தாராளமாகக் கலக்க வேண்டும். மொட்டைமாடித் தண்ணீர் விழும் குழாயின் பக்கம் மட்டும் வேண்டாம்.

அடுத்தது அளவு. நர்சரித் தொட்டியில் ஒரு சாண் இருக்கும் ஆனைக்கற்றாழை வளர்ந்தால் மடல் ஒவ்வொன்றும் ஐந்தடி நீளம், செடியின் அகலம் பத்தடி. மடல் நுனி முள் குழந்தைகளின் கண் மட்டத்தில் நிற்கும். கேட்டிலிருந்தும் நடைவழியிலிருந்தும் எட்டடியாவது தள்ளி நட வேண்டும். பத்து முதல் முப்பது ஆண்டுகளுக்குள் ஒரே ஒருமுறை, இருபதடிக்கு மேல் தண்டு விட்டுப் பூக்கும். பிறகு தாய்ச்செடி பட்டுப்போகும், பக்கக்கன்றுகள் தொடரும்.

இடம் குறுகலென்றால் சதுரக்கள்ளி போதும். நம் மண்ணின் செடி. தூண் போல மேல்நோக்கியே வளரும். ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

வெட்டிய துண்டைக் காலி மனையில் வீசக் கூடாது. சப்பாத்திக்கள்ளியின் கதை அதற்குச் சாட்சி. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்க்கவென்று சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். விழுந்த மடல் எல்லாம் வேர்விடும் குணத்தால், சப்பாத்திக்கள்ளி இனங்கள் பின்னாளில் தென்னாட்டுத் தரிசுகளில் புதராக மண்டின. 1926இல் இலங்கையிலிருந்து கொச்சினீல் வகைப் பூச்சி ஒன்றைக் கொண்டுவந்து விட்ட பிறகே அவை அடங்கின.

வாங்கும் முன் நல்ல நர்சரி ஒன்றுக்கு ஒரு நடை போய், செடிகளைப் பற்றிக் கேட்டு வா. மேட்டை இப்போதே கட்டிவிடு. மழை ஓய்ந்து தை பிறந்ததும் நடலாம். இடையில் ஒரு பெருமழை நாளன்று வாசலில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்து, சாக்பீஸால் கோடு போட்டு வை. அந்தக் கோட்டுக்குள் எதையும் நடாதே.

இப்படிக்கு,
மாமா