வயல்நீரும் செம்பல்லி மீனும்

வயலில் நிற்கும் நீருக்கும் கடலடியிலுள்ள முருகைக்கற்பாருக்கும் என்ன தொடர்பு எனக் கமக்காரர் வினவலாம். செம்பல்லி மீனின் வாழ்க்கையை அறிந்தோர் அத்தொடர்பை எளிதில் உணர்வர்.

செம்பல்லி எனப் பல செந்நிற மீன்கள் அழைக்கப்படினும், இங்கே கூறப்படுவது கண்டற்காட்டில் வளரும் வகையாகும். இது பெரும்பாலும் 80 சதமமீற்றர் நீளம் வரை வளரும். இதன் சதை வெண்மையும் இறுக்கமும் உடையது. கறிக்கும் பொரியலுக்கும் ஏற்றது. முதிர்ந்த மீன்கள் கடலில் ஏறக்குறைய 120 மீற்றர் ஆழம் வரையுள்ள பார்களில் வாழ்ந்து இனம் பெருக்கும். குஞ்சுகளோ கழிமுகத்தினூடாகக் களப்பை அடைந்து, கண்டல் வேர்களிடையே ஒதுங்கி, இறால், நண்டு, சிறுமீன் ஆகியவற்றை உண்டு வளரும். சில ஆண்டுகள் சென்ற பின்னரே அவை பாருக்குத் திரும்பும்.

ஆகவே, பாரிற் பிடிபடும் மீனின் இளமைக்காலம் களப்பிலேயே கழிகின்றது. மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. படுவான்கரை வயல்களின் வடிச்சல் நீர் அதனையே சேர்கின்றது. பைரெத்ரொயிட் வகைப் பீடைநாசினிகள் மிகச் சிறிய அளவிலேயே மீன்குஞ்சையும் இறாலையும் கொல்ல வல்லவை. பசளை கலந்த நீரினாற் பாசி பெருகும். பாசி மிகுந்தவிடத்து இரவில் நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்து மீன்கள் இறக்கும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. அது வாவிக்குச் செல்லின் பயிருக்கும் நட்டம், கமக்காரரின் பணத்துக்கும் நட்டம்.

கமக்காரர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் நன்று:

1. பசளை இடுமுன் வக்கடைகளை நன்கு அடைத்தல் வேண்டும். பெருமழை வருங் குறி தோன்றின் பசளையிடுதலைப் பிற்போடுக.

2. நாசினி தெளித்தபின், சிட்டையிற் குறித்த நாட்கள் கழியும்வரை வயல்நீரை வடியவிடலாகாது.

3. தெளிகருவியை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கழுவலாகாது. மரக்கறித் தோட்டஞ் செய்வோரும் இதனைக் கவனித்தல் வேண்டும். வெற்றுப் போத்தலை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிகருவியில் ஊற்றிப் பயிருக்கே தெளித்துவிடுக.

4. வயலை அகலமாக்குவதற்காகக் கரையோரக் கண்டல்களை வெட்டலாகாது.

வக்கடையை ஒழுங்காக அடைப்பதற்குச் சிறிது நேரமே செல்லும். அதனால் வயலிற் பசளை நிற்கும். வாவியிற் குஞ்சு பிழைக்கும். கமக்காரர் வீட்டுச் சோற்றுக்குக் கறியும் குறைவுபடாது.