"ஏதோ லக்குல கிடைச்சதுக்கா" என்று சொல்லாதே, தங்கச்சி

ஓசூர் பக்கத்து மத்திகிரி கூட்ரோட்டில் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளிடம் கொஞ்சம் மனம்விட்டுப் பேசினால் இந்தப் பேச்சு வந்துவிடும். "ஏதோ லக்குல உள்ள வந்துட்டேன்க்கா. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு என்னைக்குக் கண்டுபிடிக்கப் போறாங்களோ." டிப்ளமோ முடித்து டிரெய்னியாகச் சேர்ந்தவள் இதைச் சொல்வாள். லைன் லீடர் ஆனவள் இன்னும் அதிகமாகச் சொல்வாள். அரைகுறையாக வேலை செய்கிற யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கெட்டிக்காரிகள்தான் சொல்கிறார்கள். அதனால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

இதற்குப் பெயர் வைத்தே பல வருஷம் ஆகிறது. 1978-ல் அமெரிக்காவில் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு பெண் உளவியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். 150-க்கும் மேற்பட்ட பெண்களிடம் அவர்கள் பார்த்ததை வைத்து எழுதியது. பட்டம், பதவி, பாராட்டு எல்லாம் இருந்தும், "நான் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்" என்று அந்தப் பெண்கள் உள்ளுக்குள் நடுங்கினார்கள். ஆண்களுக்கும் இது உண்டு என்று பிறகு தெரியவந்தது. இன்று இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று எல்லோரும் சொன்னாலும், அந்த இருவரும் இதை நோய் என்று எழுதவில்லை. டாக்டர்களின் மனநோய்ப் பட்டியலிலும் இது கிடையாது. ஆகவே முதலில், உனக்கு ஏதோ கோளாறு என்று நினைப்பதை விடு.

நம் ஊரில் இந்தப் பயம் வரக் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. நம் பாட்டிமார் காலத்தில் மத்திகிரி என்றால் வெள்ளைக்காரன் காலத்து மாட்டுப் பண்ணைதான். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது 1970-களில்தான். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படித்து, மீட்டிங்கில் இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டிய பிள்ளை நீ. மேனேஜர் பெங்களூரிலிருந்து வருகிறார். "அப்ரைசல்னா என்னம்மா" என்று வீட்டில் யாரைக் கேட்பாய்? முதல் பட்டதாரி என்று அரசாங்கமே சான்றிதழ் கொடுத்து ஃபீஸ் சலுகை தருகிறது என்றால், முதல் ஆளாகப் போவது கஷ்டம் என்று அதற்கும் தெரியும். பழக்கம் இல்லாததைத் திறமை இல்லாதது என்று நீதான் தப்பாகக் கணக்குப் போடுகிறாய். 1980-களில் டைட்டன் இங்கே வாட்ச் ஃபேக்டரி ஆரம்பித்தபோது, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளை எடுத்துத்தான் பழக்கினார்கள். அவர்களில் யார் வீட்டிலும் கடிகாரம் செய்கிற பரம்பரை கிடையாது.

சரி, என்ன செய்யலாம்? உன் லைன் ஓரத்துப் போர்டில் ஸ்கில் மேட்ரிக்ஸ் தொங்குகிறதே, அதை நின்று பார். இடப்பக்கம் ஆட்களின் பெயர், மேலே ஆபரேஷன்கள், கட்டத்துக்குக் கட்டம் நாலாகப் பிரித்த வட்டம். கால் வட்டம் கறுப்பாக இருந்தால் கற்றுக்கொண்டிருக்கிறாள். அரை வட்டம் என்றால் பக்கத்தில் ஒருவர் நின்றால் செய்வாள். முக்கால் என்றால் தனியாகச் செய்வாள். முழு வட்டம் என்றால் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பாள். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், விஷயம் ஒன்றுதான். எத்தனை வருஷம் சர்வீஸ் போட்டவருக்கும் எல்லாக் கட்டமும் முழு வட்டமாக இருக்காது. அதற்காக அவரை யாரும் போலி என்று சொல்வதில்லை. உனக்கென்று இப்படி ஒரு சார்ட்டை நோட்டில் போடு. மெஷின் செட்டிங், டிராயிங் படிப்பது, ரிப்போர்ட் எழுதுவது, இங்கிலீஷில் பேசுவது எல்லாவற்றையும் தனித்தனியாக எழுது. பயம் எப்போதும் "எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்று மொத்தமாகத்தான் பேசும். கட்டம் கட்டமாகப் பிரித்தால் இங்கிலீஷ் மட்டும் கால் வட்டத்தில் நிற்பது தெரியும். ஒரு கால் வட்டத்தைச் சரிசெய்ய வழி உண்டு.

அதே நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு மூன்று வரி எழுதி வை: என்ன பிரச்னை வந்தது, நான் என்ன செய்தேன், என்ன ஆனது. "ரிஜெக்‌ஷன் கூடியது, ஃபிக்ஸ்சரில் பின் தேய்ந்திருப்பதைப் பார்த்துச் சொன்னேன், மாற்றியதும் குறைந்தது." இவ்வளவு போதும். மனசு திட்டு வாங்கிய நாளை மறக்காது, சரியாகச் செய்த நாளைச் சுத்தமாக மறந்துவிடும். அப்ரைசல் நேரத்தில் முழிக்காமல் பேசவும் இந்த நோட்டு உதவும்.

யாராவது பாராட்டினால், "அய்யோ, நான் ஒண்ணும் பண்ணலைங்க சார்" என்று நெளியாதே. அடக்கம் நல்லதுதான். ஆனால் செய்த வேலையை இல்லை என்று சொல்வது அடக்கத்தில் சேராது. "நன்றிங்க சார், ரெண்டு நாளா இதைத்தான் பார்த்துட்டிருந்தேன்" என்று சொல்லிப் பழகு.

தெரியாததைக் கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. "இதுவரைக்கும் இதைச் செஞ்சு பார்த்தேன், இந்த இடத்துல நிக்குதுங்க" என்று கேள். அப்படிக் கேட்பவளை எந்த நல்ல சூப்பர்வைசரும் மட்டமாக நினைக்க மாட்டார். மீட்டிங்கில் வாய் வரவில்லை என்றால் ஒரே ஒரு வாக்கியத்தை முன்னாடியே எழுதி வைத்துக்கொண்டு போ. தமிழில் சொன்னாலும் சரியான பாயின்ட் சரியான பாயின்ட்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எல்லாத் தயக்கமும் உன் மனசிலிருந்தே வருவதில்லை. ஊர்ப் பெயரையும் பேச்சையும் வைத்து தினமும் கிண்டல், பெண் என்றால் கற்றுக்கொடுக்க மனசில்லாதது, உன் வேலையை இன்னொருவர் பெயரில் காட்டுவது, இதெல்லாம் இருந்தால் தப்பு அந்த இடத்தில் இருக்கிறது. நீ எத்தனை நோட்டு எழுதினாலும் அது தீராது. தேதியோடு குறித்துவைத்து எச்.ஆரிடம் எழுத்தில் கொடு. பாலியல் தொல்லையாக இருந்தால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும் என்று 2013-ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், காலையில் ஷிப்டுக்குக் கிளம்பவே கை கால் நடுங்குகிற அளவுக்குப் போனால் டிப்ஸ் போதாது. டெலி மானஸ் எண் 14416-க்கு போன் பண்ணு. ராத்திரி எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பேசலாம்.

அடுத்த முறை டீம் லீடர் போஸ்டுக்கு ஆள் எடுக்கிறோம் என்று நோட்டீஸ் ஒட்டினால், கேட்டிருக்கிற தகுதிகளில் பாதிக்கு மேல் உன்னிடம் இருந்தால், மீதியைக் கற்றுக்கொண்டு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே. அன்றைக்கே பேரைக் கொடுத்துவிடு, தங்கச்சி.