பெயருக்குப் பின்னால் உள்ளவர்கள்: பெருக்கமரமும் வனிலாவும்

மாணவர்களே, நானாட்டானிலிருந்து மன்னார் நகருக்குப் போனவர்கள் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைக் கண்டிருப்பீர்கள். பத்துப்பேர் கைகோத்து நின்றாலும் அதன் அடிமரத்தைச் சுற்றிவளைக்க முடியாது. இது எமது நாட்டுக்குரிய மரமன்று, ஆபிரிக்காவுக்குரியது. அராபிய வணிகர் ஒட்டகங்களுக்குத் தீனியாக இங்கு கொண்டுவந்தனர் என்பர்.

இதன் விஞ்ஞானப் பெயர் அடன்சோனியா டிஜிற்றாற்றா. இருசொற் பெயரீட்டில் முதற்சொல் சாதியையும் இரண்டாம் சொல் இனத்தையும் குறிக்கும். கையால் எழுதும்போது இரண்டு சொற்களுக்கும் தனித்தனியே கீழ்க்கோடிட வேண்டும். (இதை மறந்து வீணாகப் புள்ளியை இழக்காதீர்கள்.) டிஜிற்றாற்றா என்றால் விரல் போன்றது. இம்மரத்தின் இலையொன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஐந்து முதல் ஏழு வரையான சிற்றிலைகள் விரித்த விரல்கள் போல இருக்கும்.

அப்படியானால் அடன்சோனியா? மிஷேல் அடன்சோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1749 இல் மேற்கு ஆபிரிக்காவின் செனகலுக்குச் சென்று இம்மரத்தை ஆராய்ந்தார். 1759 இல் லினேயஸ் அவருடைய பெயரையே சாதிப் பெயராக வைத்தார்.

“இம்மரத்தைக் கண்டறிந்தவர் அடன்சோன்” என்று விடை எழுதினால் அது பிழை. அவர் போவதற்கு மிக முன்னரே செனகல் மக்கள் இதன் இலையை உலர்த்தி இடித்து உணவிற் சேர்த்தனர். புளிப்பான பழச்சதையைக் கரைத்துக் குடித்தனர். பட்டை நாரிற் கயிறு திரித்தனர். அடன்சோன் அவர்களிடம் பார்த்தும் கேட்டும் எழுதினார். தமது நூலில் அவர் பவோபாப் என்ற பழைய பெயரையே பயன்படுத்தினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இங்கே பெயர் மட்டுந்தான் மாறியது. ஒருவர் கண்டுபிடித்த முறையையே இன்னொருவர் தன்னுடையது என்று கூறிய கதையும் உண்டு. மகரந்தச்சேர்க்கை அலகுடன் இதனைச் சேர்த்துப் படியுங்கள்.

வனிலா மெக்சிக்கோவின் கொடி. அதன் பூவில் மகரந்தத்துக்கும் குறிக்கும் இடையே மெல்லிய தடுப்பு ஒன்று உள்ளது. எனவே பூ தானாகக் காய்ப்பது அரிது. இந்து சமுத்திரத்திலுள்ள ரீயூனியன் தீவில் இக்கொடியை நட்டபோது அது பூத்தது, காய்க்கவில்லை. மெக்சிக்கோவில் மகரந்தத்தைக் கடத்தும் தேனீ அங்கு இருக்கவில்லை. 1836 இல் பெல்ஜியத்தில் சார்ள்ஸ் மொரன் செயற்கையாகக் காய்க்கவைத்தார். ஆனால் அவரது முறை தோட்டங்களுக்குப் பயன்படவில்லை. பூவோ ஒரு நாள்தான் விரிந்திருக்கும். அதற்குள் நூற்றுக்கணக்கான பூக்களை முடிக்க வேண்டும்.

1841 இல் அத்தீவில் எட்மண்ட் என்ற ஆபிரிக்க வம்சாவளிச் சிறுவன் வழி கண்டான். வயது 12, பள்ளிக்கூடம் போகாத அடிமை. மெல்லிய குச்சியால் தடுப்பை உயர்த்தி, பெருவிரலால் மகரந்தத்தைக் குறியில் அழுத்தினான். ஒரு பூவுக்குச் சில செக்கன்களே போதும். பின்னர் றிச்சாட் என்ற தாவரவியலாளர், அம்முறையைத் தாமே முன்னர் காட்டியதாகக் கூறினார். எட்மண்டின் எசமானரே அதை மறுத்து, பெருமை சிறுவனுக்கே உரியது என எழுதினார். 1848 இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின் அவருக்கு அல்பியஸ் என்ற குடும்பப்பெயர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. 1880 இல் வறுமையில் இறந்தார். இன்றும் வனிலாத் தோட்டங்களில் நடப்பது அவருடைய முறைதான். நானும் பல வருடங்கள் இப்பெயரைச் சொல்லாமலே இந்தப் பாடத்தைப் படிப்பித்திருக்கிறேன்.

பயிற்சி

1. ரீயூனியனில் வனிலா பூத்தும் காய்க்காமைக்கு இரு காரணங்கள் தருக.

2. அடன்சோனியா என்ற பெயர் அம்மரத்தைப் பற்றி எதனைக் கூறுகிறது, எதனைக் கூறவில்லை?

3. உங்கள் வீட்டில் பாட்டி மருந்துக்குப் பறிக்கும் செடியொன்றின் விஞ்ஞானப் பெயரைத் தேடி எழுதுக. அதன் பயனை அவர் யாரிடம் அறிந்தார் என்பதையும் கேட்டு எழுதுக.