பழைய பிக்கப்புக்கு எந்த எஞ்சின்?

கேள்வி: என் 1951 செவர்லே 3100 பிக்கப்பின் 216 எஞ்சின் தேய்ந்துவிட்டது. வி-8 போடலாமா?

பதில்: வேண்டாம். 235 ஆறு சிலிண்டர் எஞ்சினைத் தேடுங்கள், அதிலும் 1954-க்குப் பிந்தையதை. உங்கள் 216-இல் கனெக்டிங் ராடு பேரிங்குகள் பாபிட் உலோகத்தை உருக்கி வார்த்தவை. அவற்றுக்குப் போதிய அழுத்தத்தோடு எண்ணெய் போவதில்லை. நெடுஞ்சாலையில் தொடர்ந்து விரட்டினால் தாங்காது. பிந்தைய 235-இல் முழு அழுத்த எண்ணெய் ஓட்டமும், கழற்றி மாற்றக்கூடிய பேரிங்குகளும் உண்டு. அதைவிட முக்கியம், உங்கள் பழைய பெல் ஹவுசிங்கிலேயே அது பொருந்தும். கியர்பாக்ஸைத் தொட வேண்டாம். வி-8 என்றால் மவுண்ட், ரேடியேட்டர், பிரேக் என்று வேலை நீண்டு, வண்டியின் இயல்பே போய்விடும். எனக்கு அதில் சம்மதமில்லை.

பொருத்தும்போது சிக்கல் வாட்டர் பம்ப்பில்தான் வரும். இணைப்புத் தகடு வைத்து 216-இன் பம்ப்பையே மாட்டுங்கள். விசிறி ரேடியேட்டருக்கு நேராக நிற்கும். உங்கள் வண்டி 6 வோல்ட். 235-உடன் வரக்கூடிய 12 வோல்ட் ஃப்ளைவீலின் பல் எண்ணிக்கை வேறு என்பதால், பழைய ஃப்ளைவீலையும் ஸ்டார்ட்டரையும் ஜோடி பிரிக்காதீர்கள்.

வாங்குமுன் பிளாக்கிலும் ஹெட்டிலும் விரிசல் உண்டா என்று பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் எண் மாறுவதால், ஆர்.டி.ஓ. அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.