எந்தக் கோழியைக் கழிக்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம்?

வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வைத்திருப்பவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் வந்திருக்கும்: "அந்தக் கருப்புக்கோழி முட்டையே வைக்க மாட்டேங்குது, வித்துடலாம்." வியாபாரி வாசலில் வந்து நின்றதும் கையில் சிக்கியதைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறோம். பல நேரம் போவது நல்ல கோழியாக இருக்கும்.

முட்டை நின்றுவிட்டால் கோழி கிழடாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நாட்டுக்கோழி ஒரு தடவைக்கு 10 முதல் 15 முட்டை வைத்துவிட்டு அடைக்கு உட்காரும். அடை 21 நாள். பிறகு குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம் திரியும். அதுவரை முட்டையை எதிர்பார்க்க முடியாது. இறகு உதிர்க்கும் சமயத்திலும் முட்டை நிற்கும். புது இறகு முளைத்தபின் திரும்ப வைக்கும். இன்குபேட்டர் இல்லாத வீட்டில் நன்றாக அடைகாத்து, பருந்திடமிருந்து குஞ்சைக் காப்பாற்றும் தாய்க்கோழிதான் பெரிய சொத்து. முட்டை கொஞ்சம் குறைந்தாலும் அதை விற்காதீர்கள்.

சரி, சும்மா தின்றுகொண்டிருக்கும் கோழியை எப்படிக் கண்டுபிடிப்பது? இருட்டியபின், கோழிகள் அடைந்ததும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். செல்போன் டார்ச் போதும். முட்டை வைக்கும் கோழியின் கொண்டை சிவந்து, மெத்தென்று இருக்கும். எருவாய் அகலமாக, ஈரமாக இருக்கும். அதன் இரண்டு பக்கமும் தட்டுப்படும் மெல்லிய எலும்புகளுக்கு நடுவே இரண்டு விரல் நுழையும். வைக்காத கோழிக்குக் கொண்டை வெளுத்துச் சுருங்கியிருக்கும். எருவாய் சிறுத்து வறண்டிருக்கும். ஒரு விரல்கூட நுழைவது கஷ்டம். ஆனால் அடைக்கோழிக்கும் இறகு உதிர்க்கும் கோழிக்கும் ஏறக்குறைய இதே அடையாளங்கள்தான். அதனால் ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். சந்தேகமான கோழியின் காலில் கலர் நூலைத் தளர்வாகக் கட்டி, போனில் ஒரு போட்டோ எடுத்துத் தேதியோடு வையுங்கள். சில வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அடையும் இல்லை, குஞ்சும் இல்லை, இறகும் உதிரவில்லை, கொண்டை மட்டும் அப்படியே வெளுத்திருக்கிறது என்றால் கழிக்கலாம். (காலையில் கூடு திறக்கும்போதே விரல் வைத்துப் பார்த்து, இன்றைக்கு எது முட்டை வைக்கும் என்று சொல்லிவிடும் பாட்டிமார் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒருநாள் கற்றுக்கொள்ளுங்கள்.)

பெட்டைகளுக்கு முன்னால் சேவல்களை எண்ணுங்கள். பத்துப் பெட்டைக்கு ஒரு நல்ல சேவல் போதும். மிச்சச் சேவல்கள் தீவனத்தைத் தின்பதோடு, சண்டை போட்டுப் பெட்டைகளையும் விரட்டும். தீபாவளி, பொங்கலை ஒட்டி விற்றால் நல்ல விலை கிடைக்கும். புரட்டாசியில் நிறையப் பேர் கறி சாப்பிடமாட்டார்கள். அதற்குமுன் விற்றுவிடுவது நல்லது. மருந்து கொடுத்த கோழி என்றால், எத்தனை நாள் கழித்துக் கறிக்குக் கொடுக்கலாம் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆரோக்கியமான கோழிகளுக்கு. தூங்கி விழுவது, பச்சையும் வெள்ளையுமாகக் கழிவது, கழுத்து திருகிக்கொள்வது என்று தெரிந்தால் அது கோழிக்கழிச்சல் நோயாக இருக்கலாம். "சாகறதுக்குள்ள வித்துட்டா காசாவது மிஞ்சும்" என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அந்த ஒரு கோழியோடு நோயும் சந்தைக்குப் போகிறது. அங்கிருந்து அடுத்த ஊருக்குப் போகிறது. விற்காதீர்கள், அறுத்தும் சாப்பிடாதீர்கள். தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, அதன் நடையையும் எச்சத்தையும் வீடியோ எடுத்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். 1962 எண்ணிலும் அழைக்கலாம். பிழைக்காது என்று மருத்துவர் சொன்னால், எப்படி முடிப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

இந்த நோய்க்குத் தடுப்பூசிதான் வழி. கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இருவார முகாம் நடத்தி, 8 வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு இலவசமாகப் போடுகிறது. கழிக்க வேண்டியவற்றைப் பொங்கலோடு கழித்துவிட்டால், மிச்சமுள்ளவற்றை அந்த முகாமுக்குக் கொண்டுபோகலாம்.

செத்த கோழியை ஏரியிலோ குப்பைமேட்டிலோ வீசாதீர்கள். கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு எடுத்து, ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி, நாய் கிளறாதபடி மூடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒரே சமயத்தில் பல கோழிகள் செத்தால் எதையும் புதைக்கும் முன்பே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். பறவைக்காய்ச்சலா என்று அவர்கள் பார்க்க வேண்டியிருக்கும்.