ஆடிக்காத்து வேண்டாம், தம்பி

இந்தச் சின்ன மாதிரி விமானத்தை என்.சி.சி. விமானப் பிரிவுப் பயிற்சியில் சக் கிளைடர் என்பார்கள். எஞ்சின் கிடையாது, ரிமோட் கிடையாது. கையால் எறிந்தால் மிதந்து இறங்கும். புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் வந்து கேட்டால் நான் சொல்வது இதுதான்.

1. பால்சாத் தகட்டைக் கையில் தூக்கிப் பார்க்காமல் வாங்காதே. ஈக்வடார் காட்டு மரம் அது. ஒரே அளவுத் தகடு இரண்டை எடுத்தால் ஒன்று மற்றதைப் போல இரு மடங்குகூடக் கனக்கலாம். லேசானது இறக்கைக்கும் வாலுக்கும், கெட்டியானது உடலுக்கு. மேலே மீன்செதில் போல மினுமினுக்கும் தகடு குறுக்கே வளையாது. அதை வாலுக்கு ஒதுக்கிவிடு. தஞ்சாவூர் நெட்டி இதைவிட லேசுதானே என்று ஒரு தங்கச்சி மடக்கினாள். லேசுதான், ஆனால் எறிகிற வேகத்துக்கு நொறுங்கிவிடும்.

2. இறக்கை 45 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம் போதும். உப்புத்தாளால் முன்விளிம்பை உருட்டு, பின்விளிம்பை மெலிதாக்கு. நடுவில் வெட்டி, நுனிகள் 4 செ.மீ. உயரும்படி ஒட்டு. இந்த மடிப்பு இல்லாத இறக்கை ஒரு பக்கம் சாய்ந்தால் சாய்ந்ததுதான், நிமிராது. பசையை வாரிப் பூசாதே. வாலில் ஒரு கிராம் ஏறினால் மூக்கில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வைத்துச் சரிக்கட்ட வேண்டிவரும்.

3. முன்விளிம்பிலிருந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரு இறக்கையிலும் புள்ளி வை. அங்கே விரல்நுனிகளில் தாங்கினால் படுக்கையாக நிற்க வேண்டும். நிற்கும்வரை மூக்கில் களிமண் அப்பு. இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லி 1804-இல் செய்த கிளைடரிலேயே சமநிலைக்கு நகர்த்தும் எடை உண்டு.

கண்மாய்க் களிமண் மட்டும் கூடாது. ஒரு பையன் அதைத்தான் அப்பினான். காலையில் அழகாகப் பறந்தது, மதியம் மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்தது. இறக்கையைச் செதுக்கினோம், வாலை வளைத்தோம், ஒன்றும் பலிக்கவில்லை. மண் காய்ந்து கனம் குறைந்திருந்தது என்று புரியச் சாயங்காலம் ஆகிவிட்டது. எண்ணெய் கலந்த மாடலிங் கிளே வாங்கிக்கொள்.

4. முதல் எறி தோள் உயரத்தில், எதிர்காற்றில், எதிரே சற்றுத் தொலைவில் உள்ள தரையைக் குறிபார்த்து, மெதுவாக. வானத்தைப் பார்த்து எறிகிறவன் அன்றே மூக்கை உடைப்பான். மூக்குக் குத்தினால் கிளே கொஞ்சம் எடு. மூக்கு எழும்பி, நின்று, தொப்பென்று விழுந்தால் கொஞ்சம் சேர். இப்படி எழும்பி நிற்பது விளையாட்டில்லை. ஜெர்மனியின் ஓட்டோ லிலியென்தால் 1896-இல் தன் கிளைடர் அப்படி நின்று விழுந்துதான் அடிபட்டு, மறுநாள் இறந்தார்.

5. ஒரு எறிக்கு ஒரே ஒரு திருத்தம்.

6. நேரே இறங்கப் பழகிய பிறகுதான் முழு வேகம். வலக்கைக்காரன் வலப்பக்கம் சாய்த்து மேலே வீசி, இடப்பக்கம் வட்டமிட்டு இறங்கும்படி வைப்பான். அதற்கு வால் துடுப்பின் பின்விளிம்பில் வாயால் ஆவி ஊதி, இடப்பக்கம் ஒரு மயிரிழை வளை. கண்ணுக்குத் தெரிகிற அளவு வளைத்தால் அது அதிகம்.

7. ஆடியில் வெளியே எடுக்காதே. அந்தக் காற்று பட்டத்துக்குத்தான் ஆகும். மாசி, பங்குனியில் விடிந்ததும், காற்று அசையுமுன் வற்றிய கண்மாய்க்குள் போய்ச் சரிபார். வெயில் ஏறினால் வேறு கதை. சித்தன்னவாசல், நார்த்தாமலைப் பக்கம் பாறை சூடேறி, வெப்பக்காற்று தூண் போல எழும்பும். எங்கே என்று பருந்து காட்டும்: சிறகடிக்காமல் வட்டமிட்டு ஏறினால், அதன் கீழே வெட்டவெளியில் நின்று எறி. குகையும் ஓவியமும் உள்ள குன்றின்மேல் மட்டும் ஏறி நின்று விளையாடாதே.

8. அந்தத் தூணில் மாட்டினால் கிளைடர் திரும்பி வராமலும் போகும். காற்று போகிற திசையில் தைலமரக்காடு இருந்தால் நூறு தப்படி தள்ளி நில். இறக்கையில் அப்பாவின் போன் நம்பரை எழுதிவை. ஆடு மேய்க்கிறவர் யாராவது கூப்பிடுவார்.